மாவுப் பலகை

இல்லங்கய்யா, நீங்க எடுத்த எடுப்புலயே தப்பாப் புடிச்சுக்கிட்டீங்க. வெடிச்சது சட்டி. வழக்கு பலகை மேல. ரெண்டும் வேற வேற. தண்ணி குடிச்சாச்சுல்ல? அப்ப நல்லா உக்காருங்க. அந்த பெஞ்சு வேணாம், அது அக்பெகோ தச்சன் செஞ்சது. அந்த ஆளு செஞ்ச எதுலயும் நாலு காலும் ஒரே நேரத்துல தரையத் தொட்டதில்ல. இந்தப் பாயில உக்காருங்க. சபைக் கோலை மடியில வச்சுக்கங்க, கீழ ஈர மண்ணு.

வெள்ளிக்கிழமை சபை கூடுறதுக்கு முன்னால ஏழு பேரையும் தனித்தனியா விசாரிச்சுட்டு வரச் சொன்னாங்களா ராணியம்மா? நல்லது. என்யோனாமைச் சக்கரத்த விட்டு எறக்கணுமா வேணாமா, அதானே கேள்வி? மத்த அஞ்சு பேரும் என்ன சொன்னாளுங்கன்னு நீங்க சொல்ல வேணாம், எனக்கே தெரியும். எறக்கணும்னுதான் சொல்லியிருப்பாளுங்க. சட்டி வனையற ஒரு கொட்டகை, ரெண்டு சக்கரம், ஏழு பொம்பளைங்க. ஒருத்தி எறங்கினா மத்தவளுகளுக்கு வாரத்துல அரை நாளு கூடக் கெடைக்கும்ல? நியாயம் பேசறாளுங்களாம் நியாயம்.

என்யோனாம் என்ன சொன்னா? ஒண்ணுமே சொல்லலியா? தலையக் குனிஞ்சுக்கிட்டாளா? ம். வேற? வேற யாரைப் பத்தியாச்சும் ஏதாச்சும்? இல்ல, சும்மாதான் கேட்டேன். ஊமைக்கோட்டான்யா அவ. வாயுள்ள புள்ளை பொழைக்கும்னு சொல்லுவாங்க. அவளுக்கு வாய எதுக்குக் குடுத்தான் ஆண்டவன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல.

இருங்க, நான் என்ன சொல்லுவேன்னு அதுக்குள்ள கேக்காதீங்க. பலகை பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? ஒண்ணும் தெரியாது. கோவிச்சுக்காதீங்க, ராணியம்மாவுக்கும் தெரியாது. தெரியாம தீர்ப்பு சொல்லக் கூடாது. நான் சொல்றத சொன்னபடியே கொண்டு போங்க. ராணியம்மாவுக்கு வாயா இருக்கற சியாமிங்கறவரு அவங்க காதுக்குப் போற பேச்சுல தேன் தடவித்தான் குடுப்பாரு, அது உங்க தொழிலு. என் பேச்சுல தடவாதீங்க. எங்கப்பன் ஜிக்போடின்னு எனக்குப் பேரு வச்சான். பொறுமைன்னு. ஆளு தெரியாம வச்சுட்டான்.

கேளுங்க. சின்னக் கிண்ணம்னா வனைஞ்சு முடிச்சதும் அடியில நூலை ஓட்டி அறுத்து, ரெண்டு கையால தூக்கி வெயில்ல வச்சுடலாம். மிளகா அரைக்கிற அசங்கா சட்டி அப்படியில்ல. அடியும் அகலம், வாயும் அகலம். பச்சை மண்ணாத் தூக்கினா கோணிக்கும். அதனால சக்கரத் தலை மேல ஒரு வட்டப் பலகையப் பொருத்தி, அது மேல வனைஞ்சு, சட்டிய பலகையோட கழட்டி ஓரமா வச்சுட்டு, அடுத்த பலகையப் போடறது. காஞ்சு எறுகினதும் சட்டிய எடுத்துட்டுப் பலகையச் சுத்தம் பண்ணி மறுபடி போடறது. அவ்வளவுதான். இதுக்குத்தான் இத்தனை ரகளை.

நான் பத்து வருசம் பலகையே இல்லாமத் தூக்கினவ. நம்பலியா? எங்க கொட்டகையில யார வேணா கேளுங்க. கையிருக்கறவளுக்கு எதுக்குங்க பலகை? ஆனா ஏழு பேருல ஆறு பேருக்குக் கையில்லையே. எவ தூக்கினாலும் சட்டி முட்டை மாதிரி ஆயிடும், அப்புறம் காத்து அடிச்சுது, மண்ணு சரியில்லன்னு பேச்சு. ஆடத் தெரியாதவ தெருக் கோணல்னாளாம். சரி பலகை போடுவோம்னு கூட்டம் போட்டோம். அய்யோ, அந்தக் கூட்டத்தை நீங்க பாத்திருக்கணும்.

ஒருத்தி பெயிண்ட் வாளி மூடியக் கொண்டாந்தா. நல்லா வட்டமா இருக்கு பாருங்கன்னா. வட்டமாத்தான் இருந்துச்சு. தூக்கினா நடுவுல தவளை வயிறு மாதிரி உப்பி அமுங்குது. சட்டி அடி பூரா வெடிப்பு. இன்னொருத்தி குளியலறைக்கு ஒட்டுற தரை ஓடு ஒண்ணக் கொண்டாந்தா. பளபளன்னு இருந்துச்சு. மண்ணை வச்சு ஒரு சுத்துதான், மண்ணு பறந்து போயி சுவத்துல அப்பிக்கிச்சு. இன்னிக்கும் அந்தக் கறை இருக்கு, போகையில காட்டறேன். அக்ராவுலருந்து ஒரு தம்பி வந்தான், ஏதோ உதவித் திட்டத்துல இருந்து. கறுப்பு பிளாஸ்டிக்குல வட்டம் வட்டமாக் கொண்டாந்தான். உலகம் பூரா இதுதான் அம்மான்னான். உலகம் பூரா எங்க வெயிலு இருக்கா? சட்டியோட வெளிய வச்சோம், மத்தியானத்துக்குள்ள தகரக் கூரை மாதிரி வளைஞ்சு போச்சு. அந்தத் தம்பி அதைப் படம் எடுத்துக்கிட்டுப் போனான். அதுக்கப்புறம் ஆளையே காணோம்.

கடைசியில நான் சொன்னேன், மரந்தான். பிளைவுட்டுல வெட்டி, ரெண்டு ஓட்டை போட்டு, சக்கரத் தலையில இருக்கற ரெண்டு போல்ட்டுல மாட்டிடலாம். அஞ்சு பேரு சரின்னு கையத் தூக்கினாளுங்க. அக்பெகோகிட்டக் குடுத்தோம். அங்கதான் கெட்டுது. எங்க ரெண்டு சக்கரமும் ஒரே இடத்துல வாங்கினதில்லயே. ஒண்ணு மிஷன்காரங்க குடுத்தது, ஒண்ணு பழசா வாங்கினது. ஒண்ணுல போல்ட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவுல ஒரு சாணும் ஒரு விரக்கடையும். இன்னொண்ணுல ஒரு சாணும் ரெண்டு விரக்கடையும். அந்த மகராசன் ஒண்ண அளந்துட்டு இருபது பலகைக்கும் ஓட்டை போட்டுட்டான். கேட்டா, சக்கரத்த மாத்துங்கங்கறான். அப்புறம் ஒவ்வொரு பலகைக்கும் நாலு ஓட்டை. ஓட்டை வழியாத் தண்ணி எறங்கும். தண்ணி எறங்கினா பிளைவுட்டு ஊதும். மழைக்காலத்துல எங்க பலகையெல்லாம் அக்ப்ளே களி உருண்டை மாதிரி இருக்கும், போங்க.

ஆமா, நாந்தான் மரம்னு சொன்னேன். அதனால? மரம் ஊதும், காஞ்சா எறங்கும். மரத்துல ஒட்டின மண்ணைக் கத்தியால சொரண்டித் தொட்டியில போடலாம், ஊற வச்சு மறுபடி பிசையலாம். சிராய் ஒண்ணு ரெண்டு மண்ணுல போனாலும் சூளையில எரிஞ்சு போயிடும். மரம் மன்னிக்கும். மாவு மன்னிக்காது.

அதுக்குத்தான் வர்றேன். கையத் தூக்காத அந்த ஒருத்தி இருக்காளே, உங்க என்யோனாம். அன்னிக்குக் கூட்டத்துல ஒண்ணும் பேசல. ஊமைக்கோட்டான். ஒரு மாசம் கழிச்சு ஒரு மூட்டையத் தலையில வச்சுக்கிட்டு வர்றா. பிரிச்சா வெள்ளை வெளேர்னு மூணு பலகை. பலகையா அது? கை கால் ஒடஞ்சா ஆஸ்பத்திரியில மாவுக்கட்டுப் போடறாங்கல்ல, அந்த மாவு. அவ தம்பி டெமாவுல பணக்காரங்க வீட்டுக் கூரைக்கு உள்பக்கமா பூவேலை செய்யறவன். அவங்கிட்ட மாவு வாங்கி, எனாமல் பேசின்ல சோப்பு தடவி, ஊத்தி எடுத்தாளாம். நான் கேட்டேன், ஏண்டி, சட்டிக்குக் காலா ஒடஞ்சிருக்குன்னு. எல்லாரும் சிரிச்சாளுங்க. அவளும் சிரிச்சா. அதான் எனக்குப் புடிக்கல.

நல்லா இருந்துச்சான்னா கேக்கறீங்க? என்னத்த நல்லா. போல்ட்டு வேணாம், ஓட்டை வேணாம். சக்கரத் தலையில ஒரு மண் வளையம் வச்சு அமுக்குவா, எந்தச் சக்கரத்துலயும் உக்காந்துக்கும். மாவு ஈரத்தை உறிஞ்சிடும், நூலே ஓட்ட வேணாம், அரை நாள்ல சட்டி தானா விட்டுடும். எங்க சட்டி ஒண்ணரை நாள் உக்காந்திருக்கும். சரி, அதெல்லாம் இருக்கட்டும். அவ பண்ற சீராட்டு இருக்கே, அதைப் பாக்க முடியாதுய்யா. இரும்பு படக் கூடாதாம், மாவு பேந்துடுமாம். கத்தி கிட்டக்க வந்தாலே பலகைய இழுத்து மடியில வச்சுக்குவா. சுரைக் குடுக்கையில ஒடச்ச சில்லு ஒண்ணு வச்சிருக்கா, அதால தடவித் தடவி எடுப்பா. அப்புறம் பஞ்சால ஒத்துவா. அப்புறம் வெயிலுக்கு நேராத் தூக்கிப் புடிச்சுப் பாப்பா. அப்புறம் துணியில சுத்துவா. பெத்த புள்ளைய அவ அப்படிக் குளிப்பாட்டி நான் பாத்ததில்ல.

மண்ணும் தனி. எங்க எல்லாருக்கும் ஒரே தொட்டி, மிச்சம் மீதி மண்ணெல்லாம் அதுல போட்டு ஊற வைப்போம். மகாராணி மட்டும் தனி வாளி. சேப்புத் துணி கட்டின வாளி. தன் பலகையில வழிச்ச மண்ணு ஒரு பொட்டு கூடத் தொட்டியில விழக் கூடாதாம், மாவு கலந்தா சுட்டப்புறம் ஈரம் குடிச்சு ஊதிச் சட்டியப் பேத்துடுமாம். எங்களுக்குப் பாடம் எடுக்க வந்துட்டா. எங்கூட உக்காந்து மூணு வருசம் மண்ணு பிசைஞ்ச கழுதை, எனக்குச் சொல்லித் தர்றா. நான் அன்னிக்கே எல்லார் முன்னாலயும் சொன்னேன், ஜிக்போடி கை அந்த மாவுல படாதுடீன்னு. ஊருக்கே தெரியும் நான் சொன்னது.

பாவமா? எல்லாரும் இதையே சொல்லுங்க. புருசன் யேஜிக்கு மீன் புடிக்கப் போயி ரெண்டு வருசமாச் சேதியில்ல, மூணு புள்ளைங்க, சக்கரத்த விட்டு எறக்கிட்டா என்ன பண்ணுவா. எனக்குத் தெரியாதா? ரோட்டோரத்துல பொடி மீன் விப்பா. அங்க ஏற்கனவே நாப்பது பேரு லாரிக்குப் பின்னால ஓடறாளுங்க, இவ நாப்பத்தி ஒண்ணு. இவ வாய வச்சுக்கிட்டு ஒரு மீனு விப்பாளா? மீனு வேணுமான்னு கேக்கறதுக்குள்ள லாரி அஃப்லாவோ போயிடும்.

சரி, சட்டிக்கு வர்றேன். சாப்பாட்டுக்கடை டெலா அறுபது சட்டி கேட்டா. எல்லாரும் சேந்து வனைஞ்சோம், ஒரே சூளையில வச்சோம், புகையில கறுப்பாக்கி எடுத்தோம். சும்மா சொல்லக் கூடாது, கறுகறுன்னு அழகா இருந்துச்சு. அஞ்சு நாளு ஒண்ணுமில்ல. ஆறாவது நாளு டெலா கடையில லாரி டிரைவர் ஒருத்தன் சட்டியில மிளகா தக்காளி அரைச்சுத் திங்கறான், டக்குனு ஒரு சத்தம். சட்டிக்குள்ள நகத்தளவு சில்லு பேந்து கொழம்புல விழுது. கவனிக்காம கடிச்சுட்டான். பல்லுல பாதி போச்சுன்னு கத்தறான். அடுத்த நாளு அலமாரியில சும்மா இருந்த சட்டியெல்லாம் டக்கு, டக்கு. முப்பத்தெட்டு சட்டி. டெலா அத்தனையும் தள்ளுவண்டியில ஏத்திக்கிட்டு வந்து கொட்டகை வாசல்ல எறக்கினா பாருங்க, ஒரு மைல் தூரத்துக்குக் கேட்டிருக்கும். சில்லு பேந்த குழியில பாத்தா ஒவ்வொண்ணுலயும் ஒரு வெள்ளைப் புள்ளி. நகத்தால நோண்டினா மாவு.

மாவு வச்சிருக்கறவ யாரு? ஒருத்திதான். ஆறு பேரும் அவளக் காட்டினோம்.

இல்ல, அவ இரும்பு வச்சிருக்க மாட்டா. அதான் சொன்னேனே, சுரைச் சில்லு. இல்லய்யா, அவசரத்துலயும் மாட்டா. வீடு பத்திக்கிட்டு எரிஞ்சாலும் பஞ்ச நனைச்சுக்கிட்டுத்தான் நிப்பா அவ. தொட்டியிலயும் போட மாட்டா, தனி வாளின்னேனே. நீங்க நான் சொன்னதக் கேட்டீங்களா, தூங்கிட்டீங்களா? இன்னொண்ணும் சொல்றேன். அசங்காவுக்கு உள்ள வரி கீறறோம்ல, அதுல ஒவ்வொருத்தி கையும் ஒவ்வொரு மாதிரி. அவளுது எறும்பு ஊந்த மாதிரி நெருக்கமா இருக்கும், அதுலயும் சீராட்டு. வெடிச்ச முப்பத்தெட்டையும் டெலா போனப்புறம் நான் ஒண்ணொண்ணா எடுத்துப் பாத்தேன். அவ கீறினது ஒண்ணுகூட இல்ல. அவ சட்டி ஒண்ணுகூட வெடிக்கல. அவ வாளி மண்ணு சுத்தம்யா. கெட்டது தொட்டி மண்ணு.

அப்ப தொட்டியில மாவு எப்படி வந்துச்சு. ஆமா, அதான் கேள்வி. இதைக் கேக்க உங்களுக்கு இவ்வளவு நேரம். தும்ப விட்டுட்டு வாலப் புடிச்சுக்கிட்டு இருக்கீங்க எல்லாரும்.

அந்த வாரம் நாலு நாளு மழை. என் பலகை அத்தனையும் ஊதிப் போச்சு. போல்ட்டுல ஏறல. சுத்தியால தட்டினேன், ஒண்ணு ரெண்டாப் பொளந்துக்கிச்சு. என் பங்குல எட்டு சட்டி பாக்கி, சூளைக்கு நாளு குறிச்சாச்சு. வெறும் சக்கரத்துல வனைஞ்சு கையால தூக்கிடலாம்னு பாத்தேன். பத்து வருசம் தூக்கின கைதானே. தூக்கினேன். முட்டை. இன்னொண்ணு தூக்கினேன். அதுவும் முட்டை. கை நடுங்குதுய்யா. எப்பலருந்து நடுங்குதுன்னு எனக்கே தெரியல. நல்லவேளை எவளும் பாக்கல. மழைக்குப் பயந்து எவளும் வரல. என்யோனாம் சொகாகோபே சந்தைக்குப் போயி ரெண்டு நாளு அங்கயே தங்கிட்டா. அலமாரியில மூணும் துணி சுத்தி இருந்துச்சு.

எடுத்துட்டேன்.

அய்யோ, அது என்ன சுகம்னு சொல்லுவேன். தண்ணி மாதிரி வருது மண்ணு. ஓரமா வச்சுட்டு அடுத்தது, அடுத்தது. வயிறு நெறஞ்ச புள்ள காம்ப விடற மாதிரி சட்டி தானா விட்டுது. எட்டுல ஆறை ரெண்டு நாள்ல முடிச்சேன். இத்தனை வருசம் எதுக்குடி அந்தப் பிளைவுட்ட கட்டிக்கிட்டு அழுதோம்னு இருந்துச்சு. கடைசியா ஒண்ணுல மட்டும் ஓரமா மண்ணு ஒட்டிக்கிச்சு. நான் என்ன பண்ணேன்? மரப்பலகைக் கை இது. ஒட்டினா கத்தி. யோசிக்கவே இல்ல. மரச்சீனி உரிக்கிற கத்தி இடுப்புலயே இருக்கும், எடுத்து நாலு இழுப்பு. சொரண்டினதை உள்ளங்கையில வழிச்சுத் தொட்டியில போட்டேன், தினம் போடற மாதிரி. அப்புறம் எல்லாரும் அந்த மண்ணைத்தான் எடுத்து வனைஞ்சாளுங்க. மீதி ரெண்டுக்கு நானுந்தான்.

ஆமாய்யா, நான்தான். இப்ப என்ன, கோலைக் கீழ போட்டுடாதீங்க. ஈர மண்ணு.

அவளுக்குத் தெரியும். ரெண்டாம் நாளு சாயங்காலம் வந்தா, துணியப் பிரிச்சா, பலகையத் தடவினா. நாலு கீறல். என் இடுப்பைப் பாத்தா. கழுவி மறுபடி சுத்தி வச்சுட்டா. தொட்டியில போட்டேங்கறது அப்ப அவளுக்குத் தெரியாது. டெலா வந்து சட்டியக் கொட்டினப்ப வெள்ளைப் புள்ளியப் பாத்தா, தெரிஞ்சுபோச்சு. நிமிந்து என்னையே பாத்தா. மத்த அஞ்சு பேரும் அவளப் பாத்துக் கையக் காட்டிக்கிட்டு இருக்காளுங்க. எல்லாருக்கும் கடைசியா நானும் காட்டினேன். அவ தலையக் குனிஞ்சுக்கிட்டா. எட்டு நாளாச்சு.

எனக்குப் பாவம் பாக்கறாய்யா அவ. கெழவிக்குக் கை போயிடுச்சு, சக்கரமும் போயிட்டா என்ன பண்ணுவான்னு எனக்குப் பாவம் பாக்கறா. மூணு புள்ளைய வச்சுக்கிட்டுத் தெருவுல நிக்கப் போறவ, எனக்குப் பாவம் பாக்க அவ யாரு? யாரு கேட்டா? வெள்ளிக்கிழமை எறங்கறது ஜிக்போடின்னு ராணியம்மாகிட்டப் போயி சொல்லுங்க. அந்த அஞ்சு பேரு முன்னால நானும் வந்து சொல்றேன், காது குளிரக் கேக்கட்டும்.

அன்னிக்கு அவ வாயத் தொறந்து ஜிக்போடிதான் சொரண்டினான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் விட்டிருப்பேன்னா நெனைக்கிறீங்க? பாஞ்சிருப்பேன் அவ மேல. என் கை மாவுல படுமான்னு ஊரையே சாட்சிக்குக் கூப்பிட்டிருப்பேன், ஊரும் வந்திருக்கும். ஜெயிச்சிருப்பேன்யா, சத்தியமா ஜெயிச்சிருப்பேன். இவ என்னடான்னா நேத்துக் காலையில வந்து, எப்பவும் வர்ற மாதிரியே வந்து, அக்கா, கொஞ்சம் உப்பு இருக்குமாங்கறா.